இரண்டாம் கட்டில் சிக்னல் கிடைக்காது

கோட்டையூரில் நாங்கள் இருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்ளே தள்ளியிருக்கும் பகுதியில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் பெற்றோருடையது. முகப்பில் நின்றால் செல்பேசியில் மூன்று கோடு தெரியும். பட்டகசாலை என்னும் கூடத்தைத் தாண்டினால் ஒன்றாகும். இரண்டாம் கட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் போய்விடும். அவ்வளவு கனமான சுவர். நான் வெப் டெவலப்பர் ஆன கதையில் இந்தச் சுவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கு முன் காரைக்குடியில், செக்காலைப் பக்கம், அச்சுக்குக் கொடுப்பதைக் கணினியில் அமைக்கும் ஒரு டி.டி.பி. சென்டரில் ஒன்பது ஆண்டுகள் தட்டச்சு செய்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருப்பணி நோட்டீஸ், பாத்திரக்கடை பில் புத்தகம் என்று எல்லாம் வரும். 2019இல் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். நான்கு ஜிபி நினைவகம்தான். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து இணையதளம் அமைக்கக் கற்றேன். கற்க ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. எதை எதற்குப் பயன்படுத்தினேன், எங்கே இடறினேன் என்று எழுதி வைத்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்காவது உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தமிழ் வழியில் படித்தவள். தொடக்கத்தில் ஆங்கிலப் பாடம் என்றாலே கை நடுங்கியது. அந்த நேரத்தில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, கணியம் தளத்தின் இலவசத் தமிழ் மின்னூல்கள். பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல், அதற்கு அழகு சேர்க்கும் சிஎஸ்எஸ், லினக்ஸ், பைத்தான் நிரல்மொழி என்று அடிப்படை எல்லாம் அங்கே தமிழிலேயே கிடைக்கின்றன. மற்றொன்று, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல். தமிழ்க் குரலில் பத்து நிமிட அளவில் சிறுசிறு பாடங்கள். கொஞ்சம் பார், நிறுத்து, நீயே செய், மறுபடி பார் என்பதுதான் அதன் முறை. அடிப்படை பிடிபட்ட பிறகு ஃப்ரீகோட்கேம்ப்புக்குப் போனேன். 2014இல் தொடங்கிய இலவசத் தளம் அது. பாடத்தைப் படித்துவிட்டு நகர விடாது. பக்கத்திலேயே நிரல் எழுதி, அது சரியாக ஓடினால்தான் அடுத்த படி. பாதி ஆங்கிலம் புரியாவிட்டாலும் கை பழகிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் இணையம் வேண்டும். இரண்டாம் கட்டில் ஏது இணையம்? இரவு பத்து மணிக்கு முகப்பில் கொசுக்கடியில் உட்கார்ந்து பாடத்தை இறக்கிக்கொண்டு உள்ளே வருவேன். பாதி வழியில் ஒரு சந்தேகம் வந்தால் மறுபடி முகப்புக்கு நடக்க வேண்டும். இப்படி ஒரு மாதம் அலைந்த பிறகுதான் டெவ்டாக்ஸ் என்ற தளத்தைக் கண்டேன். நிரல் மொழிகளின் ஆவணங்களை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை சேமித்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரவுசரில் திறந்து தேடலாம். எம்டிஎன் என்னும் மொசில்லாவின் ஆவணங்களும் அதில் உண்டு. மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போகும் ஊர்களில் இருப்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.

எம்டிஎன் பற்றி இன்னொரு வார்த்தை. கூகுளில் தேடி முதலில் வருவதை எடுத்து ஒட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது. எங்கோ ஒருவர் பத்து ஆண்டுக்கு முன் எழுதிய விடை அது. இன்று அதைவிட எளிய வழி பிரவுசரிலேயே வந்திருக்கும். எதை எடுத்தாலும் முதலில் எம்டிஎன் பக்கத்தைப் படித்துவிட்டு, அந்த வசதி எந்தப் பிரவுசரில் வேலை செய்கிறது என்று அங்கேயே கீழே உள்ள அட்டவணையில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் வேலையின் தரம் அன்றிலிருந்துதான் ஏறியது.

முதல் வாடிக்கையாளர் ஆத்தங்குடியில் கல் பட்டறை, அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட டைல்ஸ் செய்யும் பட்டறை, வைத்திருக்கும் அண்ணன். அவரிடம் ஏற்கெனவே ஓர் இணையதளம் இருந்தது. நான் போனபோது அது இல்லை. யாரோ ஒருவர் அமைத்துக் கொடுத்திருக்கிறார். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டார். பிறகு ஊரை மாற்றிக்கொண்டார், எண்ணை மாற்றிக்கொண்டார், டொமைன் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பழைய படங்கள் இருந்த கணினியும் பழுதாகிவிட்டது. அண்ணனின் அப்பா கல் ஊற்றுவதை எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. "படம் போனதுதான் தங்கச்சி மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றார்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பழைய முகவரியை இட்டுப் பார்த்தேன். நாள்காட்டியில் ஐந்து தேதிகளில் வட்டம் இருந்தது. மூன்றைத் திறந்தால் வெறும் எழுத்து. நான்காவதில் படங்கள் வந்தன. சிறிய அளவுதான். ஆனாலும் கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்துக் கரண்டியால் வண்ணத்தை ஊற்றிக்கொண்டிருக்கும் பெரியவரின் கைகள் தெளிவாகத் தெரிந்தன. அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. இப்போது நான் எந்தத் தளத்தை முடித்தாலும் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அங்கே உள்ள 'இந்தப் பக்கத்தைச் சேமி' என்ற இடத்தில் நானே கொடுத்துவிடுகிறேன். ஒரு நிமிட வேலை.

செலவு செய்தே ஆக வேண்டிய ஒரே பொருள் டொமைன். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். அதை உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய செல்பேசி எண்ணில் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் முதல் வேலையாக அதை உருவாக்கிக் கொடுங்கள். சோம்பலில் நம் பெயரில் போட்டுவிட்டால், நமக்கு ஒன்று நேர்ந்தால் அவர் கடை பூட்டிவிடும்.

தளத்தை எங்கே வைப்பது என்பதில் நானும் ஒரு தவறு செய்தேன். இலவச இடம் என்று ஒரு நிறுவனத்தில் ஏற்றினேன். பதினான்கு மாதம் கழித்து இலவசத் திட்டம் முடிகிறது என்று மின்னஞ்சல் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு புதன்கிழமை தளம் காணாமல் போனது. அதன் மூல நிரல் என் கணினியிலும், நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்திலும் இருந்ததால் அன்று மாலையே வேறு இடத்துக்கு மாற்ற முடிந்தது. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமைக்கும் கருவியில் கட்டியிருந்தேன் என்றால் எல்லாம் போயிருக்கும். அதற்குப் பிறகு எந்த இலவசச் சேவையைத் தொட்டாலும், என் பொருளை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போக முடியுமா என்று முதலில் பார்க்கிறேன். முடியாது என்றால் அது எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

விதிமுறைப் பக்கத்தையும் படிக்க வேண்டும். தளத்தை இலவசமாக வைக்க அதே கிட்ஹப் தரும் கிட்ஹப் பேஜஸ் அருமையான இடம். தளத்தின் அளவு ஒரு ஜிபி வரை, மாதம் நூறு ஜிபி வரை போக்குவரத்து. நம் சொந்தப் பக்கம், கல்லூரிப் புராஜெக்ட், ஊர் வரலாறு எல்லாவற்றுக்கும் தாராளம். ஆனால் ஆன்லைன் வியாபாரம் நடத்தும் தளத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வெர்செல் நிறுவனத்தின் இலவசத் திட்டமும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கல் பட்டறைத் தளத்தை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச இடமான கிளவுட்ஃபிளேர் பேஜஸில் வைத்தேன். ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற வரம்புகள் உண்டு. பட்டறைத் தளத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முகவரியில் https வரச் செய்யும் பாதுகாப்புச் சான்றிதழும் தானாக வந்துவிடுகிறது. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. சான்றிதழுக்கு என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

படங்களுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் கற்றேன்.

அண்ணன் செல்பேசியில் எடுத்துத் தந்த பன்னிரண்டு கல் படங்கள், ஒவ்வொன்றும் நான்கு எம்பி. அப்படியே ஏற்றினால் 48 எம்பி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். இறங்கும் வரை நான்கு படம்தான் வந்தது. கூகுள் வெளியிட்ட ஸ்கூஷ் என்ற கருவியில் படங்களைச் சுருக்கினேன். அது பிரவுசருக்குள்ளேயே வேலை செய்வதால் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, நடுவில் ஒரு கோடு. கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். அகலத்தை 1200 புள்ளிகளாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் மாற்றியதும் ஒரு படம் நூறு கேபியைச் சுற்றி வந்தது.

எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அண்ணன் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது என் கல் இல்லை" என்றார். சிவப்புப் பூவின் ஓரம் மஞ்சளுக்குள் கசிந்திருந்தது. ஆத்தங்குடிக் கல்லில் அப்படி வராது. வண்ணத்தை ஊற்றியதும் சட்டத்தைத் தூக்கி எடுக்கும்போது கோடு சிதறாமல் இருக்க வேண்டும். அந்தக் கைத்திறனுக்குத்தான் காசு. நான் கவனிக்காததை அவர் ஒரு நொடியில் கண்டுவிட்டார்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். இந்த வடிவங்கள் வெளிச்சத் தகவலை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைக் குறைத்துவிடும். முகம், மரம், வானம் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பும் மஞ்சளும் கத்தி வெட்டியது போல் சந்திக்கும் இடத்தில் தெரியும். சாதாரண வெப்பியில் இதைத் தவிர்க்க முடியாது. ஸ்கூஷில் மோஸ்ஜேபெக் (MozJPEG) என்பதைத் தேர்ந்தெடுத்து, நிறக் குறைப்பை நிறுத்திவிட்டு, தரத்தை 75இல் வைத்தேன். ஒரு படம் 170 கேபி ஆனது. கோடு கோடாக நின்றது. அண்ணன் தலையாட்டினார். கண்டாங்கிச் சேலை, கோலம், கல் என்று கட்டம் கட்டமாக நிறம் மாறும் எதைப் படம் எடுத்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு, மக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும், அதைப் பக்கத்தில் காட்டும் லீஃப்லெட் நிரலும். கார்டு எண் கொடுக்க வேண்டியதில்லை, சாவிக் குறியீடும் (API key) வேண்டாம். வரைபடத்தின் மூலையில் அவர்கள் பெயரைப் போட வேண்டும், அவ்வளவே. பட்டறைக்குப் போகும் சந்து அதில் இல்லை. நானே கணக்கு தொடங்கி அதை வரைந்து சேர்த்தேன். இன்று அந்தச் சந்தைத் தேடி யார் வந்தாலும் அது என் கோடு.

இரண்டாவது வேலை பள்ளத்தூரில் பலகாரம் செய்யும் ஆச்சியுடையது. விலைப்பட்டியலைப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். அதை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். டி.டி.பி. சென்டரில் இருந்தவளுக்கு அந்த எழுத்துரு பழக்கம்தான். ஓப்பன்-தமிழ் என்ற இலவச பைத்தான் தொகுப்பில் பாமினியிலிருந்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மூன்று வரி நிரல். மாற்றிவிட்டுப் பெருமையாகப் படித்தால் ஒவ்வொரு பலகாரத்துக்கும் எதிரே 'மப' என்று இருக்கிறது. கிலோவைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கத்தின் இரண்டு எழுத்துகளும் பாமினியில் ம, ப. ஆங்கிலம் கலந்த கோப்பை மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

தளத்தில் ஒரு தேடல் பெட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஆச்சி கூப்பிட்டார். "என்னம்மா, மணகோலம் இல்லை என்கிறதே? நேற்றுத்தானே இருபது கிலோ போட்டோம்?" என் கணினியில் தேடினால் வருகிறது. ஆச்சியின் பேரன் கணினியில் தேடினால் வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் கருவிகள்தான் விடை தந்தன. நான் அடித்த மணகோலத்தின் நீளம் 7 என்றது. பேரன் அடித்ததன் நீளம் 8. ஒவ்வோர் எழுத்தின் குறியீட்டையும் அச்சிட்டுப் பார்த்தேன். 'கோ' என்பதில் எனக்கு ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. பேரனின் விசைப்பலகை அதையே இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகப் போட்டிருந்தது. யூனிகோடில் இரண்டும் செல்லும். ஆனால் நிரல் அவற்றை வேறு வேறு சொற்களாகப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இதற்கென்றே இருக்கிறது. பட்டியல் பெயரையும் தேடுசொல்லையும் அதன் வழியாக அனுப்பிவிட்டு ஒப்பிட்டால் போதும். ஒரே சொல் சேர்க்கும் வேலை. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தால் நார்மலைஸ் காப்பாற்றாது. 'மனகோலம்' என்று றன்னகரம் போட்டுத் தேடுபவர்களுக்காக அந்தச் சொல்லையும் மறைமுகமாகச் சேர்த்து வைத்தேன்.

எழுத்து எண்ணுவதிலும் இதே சிக்கல். பெட்டியில் ஒட்டும் சீட்டில் பெயர் பத்தெழுத்துக்குள் இருக்க வேண்டும் என்றார் ஆச்சி. நிரல் 'பணியாரம்' என்பதை 8 என்கிறது. நமக்கு அது ஐந்தெழுத்து. 'கந்தரப்பம்' நமக்கு ஏழு, நிரலுக்குப் பத்து. புள்ளியையும் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் வேறுபாடு. ஜாவாஸ்கிரிப்டின் Intl.Segmenter என்ற வசதி எழுத்தை எழுத்தாக எண்ணுகிறது, இப்போது எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் இருக்கிறது. அகரவரிசைக்கும் அதே குடும்பத்தில் Intl.Collator உண்டு. யூனிகோடு வரிசையை அப்படியே நம்பினால் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கருவிகள் பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. எதையும் இறக்க வேண்டியதில்லை. தமிழில் தளம் அமைப்பவர்கள் பலர் இவை இருப்பதையே அறியாமல் தவிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ். முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. இறக்கி நம் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வரி இடைவெளியை மட்டும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். நான் 1.7 வைக்கிறேன். இல்லையென்றால் மேல்வரியின் கீழ்க்கொக்கியும் கீழ்வரியின் மேல்விலங்கும் இடித்துக்கொள்ளும்.

ஆர்டர் எடுக்கப் பணப் பரிமாற்ற வசதி எதுவும் வைக்கவில்லை. வாட்ஸ்அப் இணைப்பு ஒன்று, அதில் பலகாரத்தின் பெயரும் எடையும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஆச்சிக்கு அதுதான் வசதி. யார் எந்த வீட்டு விசேஷத்துக்குக் கேட்கிறார்கள் என்று பேசித் தெரிந்துகொள்ளாமல் அவர் அடுப்பு மூட்டுவதில்லை.

தளம் முடிந்ததும், அதன் வேகத்தையும் தரத்தையும் சோதித்து மதிப்பெண் தரும், குரோமில் உள்ள லைட்ஹவுஸை ஓட்டிப் பார்ப்பேன். அந்த மதிப்பெண்ணோடு நிறுத்தக் கூடாது. டெவலப்பர் கருவிகளிலேயே இணைய வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என் அம்மாவின் பழைய செல்பேசியில், பட்டகசாலையில், ஒரு கோடு சிக்னலில் திறப்பேன். அங்கே ஐந்து நொடிக்குள் விலை தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று கொள்வேன்.

ஒவ்வொரு மாற்றத்தையும், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில் (Git) பதிந்து, கிட்ஹப்பில் தனிப்பட்ட களஞ்சியமாக வைக்கிறேன். 2019இலிருந்து அதற்கும் காசில்லை. கூடவே ஒரு தாள் எழுதுவேன். டொமைன் எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், நிரல் எங்கே இருக்கிறது, தளம் எங்கே ஓடுகிறது. கடவுச்சொல்லை அதில் எழுதுவதில்லை. அது தனி உறையில். போன மாதம் ஆச்சியிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். புதுப்பிக்கும் தேதி வந்ததும், "இது தை மாதம் வருகிறதா? அப்போது சீர் பலகாரத்தில் கை ஓயாது, எனக்கு மறந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, பேரனைக் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் மார்கழியிலேயே ஒரு வட்டம் போடச் சொன்னார்.